ஆஸ்பத்திரியில் அவளுக்கு யார் துணை?

பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கு என்ன உதவி கிடைக்கிறது? என்ன கிடைக்க வேண்டும்?

இரவு 11 மணி. மும்பையில் ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரியின் காஷுவாலிட்டி வாசல். ஒரு பெண் உள்ளே வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

தாராவியிலோ, கோவண்டியிலோ, முலுண்டிலோ குடியிருப்பவள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தமிழ்தான் வாயில் வரும். இந்தி அரைகுறை. மராத்தி காதில் விழுந்தால் புரியும். திருப்பிச் சொல்ல வராது. துணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்திருக்கிறாள்.

"என்னன்னு சொல்ல அக்கா? வாயே வரமாட்டேங்கே."

"நீ பயப்படாத தாயீ. டாக்டரம்மாகிட்ட நடந்தத நடந்தபடி சொல்லு. கீழ விழுந்துட்டேன்னு மட்டும் சொல்லிராத."

கவுண்ட்டரில் கேஸ் பேப்பர் எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்கிறார்: "க்யா ஹுவா?"

அவளுக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த ஆஸ்பத்திரி அவளை எப்படி நடத்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவள் உடம்பு தேறுவதும், வழக்கு நிற்பதும், மறுநாள் அவள் வேலைக்குப் போகத் துணிவதும் அதைப் பொறுத்தவை.

போலீஸ் ஸ்டேஷனைப் பற்றியும் கோர்ட்டைப் பற்றியும் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுவது குறைவு. ஆனால் பல பெண்கள் முதலில் மிதிக்கும் படி ஆஸ்பத்திரிப் படிதான்.

வெளியே வராத கண்ணீர்

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு கசப்பான உண்மையைச் சொல்கிறது. அடி உதைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 100க்கு 14 பேர்தான். 77 பேர் உதவி கேட்கவும் இல்லை. யாரிடமும் வாய் திறந்து சொல்லவும் இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் கூடம் வெளியிடும் கணக்கு இன்னொன்றைச் சொல்கிறது. பதிவாகும் பலாத்கார வழக்குகளில் 10க்கு 9க்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். அக்கம்பக்கத்தான், உறவுக்காரன், வேலை கொடுத்தவன், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன்.

இருட்டில் பாயும் முகம் தெரியாத முரடன் என்ற சினிமாக் காட்சி பெரும்பாலும் நிஜமல்ல. ஆகவே ஆஸ்பத்திரிக்கு வரும் பெண் ரத்தம் சொட்டச் சொட்டத்தான் வருவாள் என்று எதிர்பார்க்கக் கூடாது. தலைவலி என்பாள். வயிற்றுவலி என்பாள். தூக்கமில்லை என்பாள். மூன்று மாதம் கழித்துக் கர்ப்பம் என்று வருவாள். கேட்கத் தெரிந்த நர்ஸ் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

"போலீஸ் கடிதம் எங்கே?"

முன்பெல்லாம் இப்படி வரும் பெண்ணைப் பார்த்துப் பல ஆஸ்பத்திரிகளில் கேட்ட முதல் கேள்வி இதுதான். போலீஸ் எழுதிக் கொடுத்தால்தான் பரிசோதனை. இல்லையென்றால் திரும்பிப் போ. இதுதான் நடைமுறை.

கர்நாடக வழக்கு ஒன்றில் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, போலீஸ் அனுப்பாவிட்டால் பார்க்க மாட்டோம் என்று அரசாங்க டாக்டர்கள் மறுப்பதைக் கண்டித்தது. தாமதத்தால் தடயம் அழிந்துபோகிறது என்பதையும் சுட்டிக்காட்டியது.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. நீதிபதி வர்மா கமிட்டி 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது.

அந்தத் திருத்தத்தின்படி, பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு எல்லா ஆஸ்பத்திரிகளும் உடனே இலவசமாகச் சிகிச்சை அளிக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற வித்தியாசம் இல்லை. "முதலில் பணம் கட்டு" என்று சொல்ல முடியாது. சிகிச்சை மறுத்தால் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

2024 ஜூலை 1ஆம் தேதி முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றிலும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவு மறுத்தால் தண்டனை என்கிறது.

இந்த இரண்டு எண்களையும் நம்மவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது.

ஒரு சர்டிபிகேட் செய்த அநியாயம்

டாக்டர் எழுதும் தாளுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை மகாராஷ்டிர மக்கள் மறக்கக் கூடாது.

1972ஆம் ஆண்டு, அன்றைய சந்திரபூர் மாவட்டத்தில் தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பழங்குடிச் சிறுமி போலீஸ்காரர்களால் கெடுக்கப்பட்டதாக வழக்கு. உடம்பில் காயம் இல்லை என்று மருத்துவ அறிக்கை சொன்னது. அவளுக்கு ஏற்கெனவே உடலுறவுப் பழக்கம் உண்டு என்ற முடிவும் அதே பரிசோதனையிலிருந்து எடுக்கப்பட்டது.

செஷன்ஸ் கோர்ட்டு விடுதலை செய்தது. நாகபுரி ஐகோர்ட்டு தண்டித்தது. 1978இல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் விடுதலை செய்தது. காயம் இல்லையே, அவள் எதிர்த்துப் போராடியதாகத் தெரியவில்லையே என்பது தீர்ப்பின் முக்கியக் காரணம்.

உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் சுப்ரீம் கோர்ட்டுத் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பம்பாயிலும் டெல்லியிலும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதன் பலனாக 1983இல் பலாத்காரச் சட்டம் திருத்தப்பட்டது.

சட்டம் மாறியும் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பழக்கம் போகவில்லை. 'இரண்டு விரல் சோதனை' என்று அதற்குப் பெயர். பெண்ணின் உறுப்பில் விரல் நுழைத்து, "பழக்கப்பட்டவள்" என்று எழுதுவது. நடந்த குற்றத்துக்கும் இந்தச் சோதனைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவளைப் பலாத்காரம் செய்தால் அது குற்றமில்லையா?

2013இல் சுப்ரீம் கோர்ட்டு இது பெண்ணின் மானத்தையும் அந்தரங்கத்தையும் மீறுவது என்று சொல்லிற்று. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை இதைக் கூடாது என்றது. அப்படியும் வழக்குகளில் இந்தச் சோதனை தலைகாட்டியது. 2022 அக்டோபர் 31ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, இதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று கண்டிப்பாகச் சொல்லி, மருத்துவக் கல்லூரிப் பாடங்களையும் திருத்தச் சொன்னது.

இன்னொரு பேச்சு. 'கற்பழிப்பு' என்ற சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகள் பல காலம் எழுதி வந்தன. கற்பு அழிந்தது என்றால் குறை அவளுடையது போல ஆகிறது. அவன் செய்தது குற்றம். அவளுக்கு நேர்ந்தது கொடுமை. சொல்லிலும் அந்த நியாயம் இருக்க வேண்டும்.

கடிகாரம் நிற்காது

நல்ல ஆஸ்பத்திரி என்றால் என்ன செய்ய வேண்டும்? 2014ஆம் ஆண்டு நெறிமுறை இதை வரிசையாகச் சொல்கிறது.

முதலில் தனி இடம். திரை போட்ட மூலை போதாது. பேசினால் வெளியே கேட்காத அறை வேண்டும். பெண் டாக்டர் பார்ப்பது நல்லது. பெண் டாக்டர் இல்லையென்றால் காக்க வைக்காமல், பெண் ஊழியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு ஆண் டாக்டர் பார்க்கலாம். பரிசோதனை அறைக்குள் போலீசார் இருக்கக் கூடாது.

அடுத்தது சம்மதம். சிகிச்சைக்குத் தனியாக, தடயம் எடுப்பதற்குத் தனியாக, போலீசுக்குத் தகவல் சொல்வதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சரி என்று மற்றொன்றுக்கு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. 12 வயதுக்கு மேற்பட்ட சிறுமியின் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது மருந்து. இங்கேதான் கடிகாரம் ஓடுகிறது.

கர்ப்பம் தரிக்காமல் இருக்க மாத்திரை உண்டு. அதை எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குள் என்றால் பலன் அதிகம். ஐந்து நாள் வரை கொடுக்கலாம். ஆனால் நாளாக ஆகப் பலன் குறையும்.

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தும் உண்டு. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நான்காம் நாள் வந்தால் இந்தக் கதவு அடைத்துவிடும்.

பால்வினை நோய்க்கு மருந்து, மஞ்சள் காமாலை 'பி' வகைக்குத் தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி ஆகியவையும் தர வேண்டும். அத்தனையும் இலவசம்.

நான்காவது தடயம். உடம்பிலிருந்து தடயம் எடுக்க ஏறக்குறைய 96 மணி நேரம், அதாவது நான்கு நாள் வரை வாய்ப்பு உண்டு. குளித்தாலும், துணி மாற்றினாலும் தடயம் குறையும். ஆனால் குளித்துவிட்டோமே என்று வராமல் இருந்துவிடக் கூடாது. வந்தால் சிகிச்சையாவது கிடைக்கும். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், காகிதத்தில் சுற்றி எடுத்து வர வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

காயம் இல்லை, தடயம் கிடைக்கவில்லை என்றால் பலாத்காரம் நடக்கவில்லை என்று அர்த்தமல்ல. பயத்தில் உறைந்து போனவள் போராட மாட்டாள். கத்தியைக் காட்டினால் கை ஓங்க மாட்டாள். நெறிமுறை இதைத் தெளிவாகச் சொல்லி, "பலாத்காரம் நடக்கவில்லை" என்று டாக்டர் தீர்ப்பு எழுதக் கூடாது என்கிறது. பலாத்காரமா இல்லையா என்பது கோர்ட்டு சொல்ல வேண்டியது.

ஐந்தாவது மனது. இது மாத்திரையில் அடங்காது. உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

பாந்த்ராவில் பிறந்த 'திலாசா'

அந்த ஆள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்க முடியும் என்று காட்டிய இடம் மும்பைதான்.

2000ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சியும், 'சேஹத்' என்ற ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரியில் ஒரு மையம் தொடங்கின. பெயர் 'திலாசா'. ஆறுதல், தேற்றுதல் என்று பொருள்.

முதலில் வீட்டில் அடிபடும் பெண்களுக்காகவே இது வந்தது. தனியாகக் கட்டடம் கட்டி, "துன்பப்படும் பெண்கள் வரும் இடம்" என்று போர்டு மாட்டினால் யாரும் வரமாட்டார்கள்; வந்தால் ஊர் பேசும். ஆஸ்பத்திரி அப்படியல்ல. காய்ச்சலுக்கும் வரலாம், பிரசவத்துக்கும் வரலாம். உள்ளே போனவள் எதற்குப் போனாள் என்று வாசலில் நிற்பவனுக்குத் தெரியாது. ஏழைப் பெண்ணுக்கு இதைவிட நல்ல மறைவு இல்லை.

ஆஸ்பத்திரியின் சொந்த ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். வார்டு ஆயா முதல் டாக்டர் வரை சந்தேகப்பட்டால் 'திலாசா'வுக்கு அனுப்புவார்கள். அங்கே ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். பிறகு குர்லா பாபா ஆஸ்பத்திரியிலும் மையம் வந்தது. பின்னர் நகரின் மற்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது.

2008இல் இன்னொரு படி. பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கென்று சிகிச்சை, தடயம், ஆலோசனை மூன்றையும் ஒரே கையில் தரும் முறையைச் சேஹத்தும் மாநகராட்சியும் மூன்று ஆஸ்பத்திரிகளில் தொடங்கின. பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரி, காட்கோபர் ராஜாவாடி ஆஸ்பத்திரி, ஓஷிவாரா பிரசவ ஆஸ்பத்திரி ஆகியவை அந்த மூன்று.

அங்கே வந்தவர்களின் பதிவேடுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது பழைய நம்பிக்கைகள் பல உடைந்தன. பெரும்பாலானவர்களுக்குக் காயம் இல்லை. குற்றவாளி பெரும்பாலும் தெரிந்தவன். போலீசுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியை வெறும் தடயச் சாவடியாக நடத்தினால், இந்தப் பெண்கள் எல்லோரும் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள்.

கேரளத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'பூமிகா' என்ற பெயரில் இதுபோன்ற மையங்கள் ஏற்பட்டன. மத்திய அரசு 2015 ஏப்ரல் முதல் 'சகி' என்ற ஒரே இட உதவி மையத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மருத்துவம், போலீஸ், வக்கீல், ஆலோசனை, தற்காலிகத் தங்கல் எல்லாம் ஒரு கூரையின் கீழ் என்பது அதன் நோக்கம்.

எப்படி அளப்பது?

திட்டம் இருக்கிறது, போர்டும் இருக்கிறது. வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தண்டனை கிடைத்த வழக்குகளை எண்ணினால் போதும் என்று சிலர் நினைக்கலாம். அது தவறான தராசு. தண்டனை என்பது போலீஸ், ரசாயனப் பரிசோதனைக் கூடம், வக்கீல், சாட்சி, நீதிபதி எல்லோர் கையிலும் இருக்கிறது. வழக்கு தோற்றாலும், கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் அவளைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரி தன் வேலையைச் செய்துவிட்டது.

வருகிறவர் எண்ணிக்கை கூடினால் "ஐயோ, குற்றம் பெருகிவிட்டது" என்பதும் அவசரம். ஒரு நல்ல மையம் வந்ததும் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். இதுவரை வாய் மூடிக் கிடந்தவர்கள் வரத் தொடங்குகிறார்கள். ஆண்டு முழுவதும் ஒருவர்கூட வரவில்லை என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியைச் சந்தேகிக்க வேண்டும்.

சரியான கேள்விகள் வேறு:

1. பெண் வாசலில் நுழைந்தது முதல் டாக்டர் பார்க்கும்வரை எவ்வளவு நேரம் ஆயிற்று?

2. எத்தனை பேரிடம் அவள் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது?

3. தனி அறை இருந்ததா? சம்மதம் கேட்கப்பட்டதா, இல்லை காகிதத்தை நீட்டிக் கைநாட்டு மட்டும் வாங்கினார்களா?

4. கர்ப்பத் தடை மாத்திரையும் எச்.ஐ.வி. மருந்தும் அங்கேயே கொடுத்தார்களா, வெளியே சீட்டு எழுதினார்களா?

5. ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆலோசகர் கிடைக்கிறாரா, கூப்பிட்டால் வருகிறாரா?

6. எழுதிய தாளின் நகல் அவள் கையில் இலவசமாகக் கொடுக்கப்பட்டதா?

7. அவள் மறுபடி வந்தாளா?

ஏழாவது கேள்விதான் கடினமானது. காயத்தின் கன்றல் இரண்டு நாள் கழித்துத்தான் நன்றாகத் தெரியும். மறுபரிசோதனைக்கு வர வேண்டும். 28 நாள் மருந்தை முடிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவளுக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளம். ஆஸ்பத்திரி அவளை ஒரே நாளில் நான்கு கவுண்ட்டருக்கு அலைய விட்டால், இரண்டாம் தடவை அவள் வரமாட்டாள். முதல் நாள் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் பாதிச் சிகிச்சை பாழ்.

கேட்கும் விதமும் முக்கியம். அன்றிரவே ஒரு பாரத்தை நீட்டி, "எங்கள் சேவை எப்படி?" என்று கேட்பது கொடுமை. பதிவேட்டைப் பெயரில்லாமல் ஆராயலாம். நர்ஸையும் ஆயாவையும் விசாரிக்கலாம். பல வாரம் கழித்து, அவள் சம்மதித்தால், ஆலோசகர் மூலம் கேட்கலாம். வீட்டுக்குப் போன் செய்து எடுத்தவரிடம் விஷயத்தைச் சொல்வது போன்ற அபாயம் வேறில்லை. பலாத்காரத்துக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதே சட்டப்படி குற்றம்.

ஊழியர் மாற்றலும் ஒரு பெரிய ஓட்டை. பயிற்சி பெற்ற டாக்டர் வேறு இடத்துக்குப் போய்விடுவார். புதிதாக வருகிறவர் பழைய பழக்கத்தைப் பழைய பாரத்தோடு தொடருவார். ஆகவே பயிற்சி ஒரு தடவை விழா நடத்திப் படம் எடுப்பதோடு முடியக் கூடாது. ஆண்டுதோறும் நடக்க வேண்டும்.

போலீஸ் வேண்டாம் என்றால்?

எல்லோரையும் குழப்பும் கேள்வி இது. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். பெண்ணோ, "போலீஸ் வேண்டாம், மருந்து மட்டும் கொடுங்கள்" என்கிறாள். புருஷன் என்ன சொல்வானோ, ஊரில் தங்கைக்கு வரன் அமையுமோ என்ற பயம்.

2014 நெறிமுறை ஒரு வழி சொல்கிறது. அவள் மறுத்தால், விளைவுகளை விளக்கிச் சொல்லி, அவள் மறுப்பை எழுத்தில் பதிய வேண்டும். எந்தக் காரணத்தாலும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. இன்று போலீஸ் வேண்டாம் என்றவள், தைரியம் வந்தபின் நாளை போகலாம். அன்று எடுத்து வைத்த குறிப்பு அப்போது உதவும்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் விஷயம் வேறு. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சிறுமியைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, அவள் நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும்.

கர்ப்பம் தரித்துவிட்டால் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கு 24 வாரம் வரை கலைக்க அனுமதி உண்டு. இதற்கு எப்.ஐ.ஆர். கட்டாயமில்லை என்று 2022இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. புருஷனின் பலாத்காரத்தால் வந்த கர்ப்பமும் இதில் சேரும் என்றது அதே தீர்ப்பு.

எல்லைத் தகராறும் வேண்டாம். சம்பவம் கல்யாணில் நடந்ததா, ஓடும் ரயிலில் நடந்ததா, சோலாப்பூர் தாண்டி நடந்ததா என்பது ஆஸ்பத்திரிக்குத் தேவையில்லை. போலீசும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிவு செய்து, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மொழி என்ற சுவர்

வெளிமாநிலத்தில் வாழும் நம் பெண்களுக்கு இன்னொரு சுவர் உண்டு. அது மொழி.

டாக்டர் மராத்தியில் கேட்கிறார். நர்ஸ் இந்தியில் கேட்கிறார். அவளுக்கு நடந்ததைத் தமிழில் சொல்லவே நா எழவில்லை. மொழிபெயர்க்கப் புருஷனைக் கூப்பிடுகிறார்கள். சில சமயம் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். பத்து வயது மகன் முன்னால் ஒரு தாய் இதை எப்படிச் சொல்வாள்? குற்றவாளியே உறவுக்காரனாக இருந்து, அவனே மொழிபெயர்க்க வந்து நின்றால்?

ஆஸ்பத்திரியை அளக்கும்போது எட்டாவது கேள்வியாக இதைச் சேர்க்க வேண்டும்: அவள் பாஷையில் பேச ஒரு பெண் கிடைத்தாளா?

இதற்குப் பெரிய செலவு இல்லை. மும்பை ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும், மலையாளம் பேசும் நர்ஸ்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயரும் ஷிப்டு நேரமும் காஷுவாலிட்டியில் ஒரு பட்டியலாக இருந்தால் போதும். போக்சோ வழக்கில் வாக்குமூலம் வாங்கும்போது மொழிபெயர்ப்பாளர் உதவியைப் பெறலாம் என்று சட்டமே சொல்கிறது.

சங்கங்கள் என்ன செய்யலாம்?

தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா நடத்துகின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன. நல்ல காரியம். அதோடு, இரவில் கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்கு வந்து துணை நிற்கக்கூடிய நாலு பெண்களின் பட்டியலையும் வைத்திருக்கலாம். இரண்டு மொழி தெரிந்த ஓய்வுபெற்ற டீச்சர், நர்ஸ், ஆபீஸ் வேலை பார்த்தவர் போதும். விஷயத்தை வெளியே விடாத வாய் மட்டும் முக்கியம்.

ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் மூன்று. அவசரத்துக்கு 112. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098.

நஷ்ட ஈடும் உண்டு. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் 2018ஆம் ஆண்டுத் திட்டம், பலாத்காரத்துக்கு ஆளானவருக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை என்று வகுத்தது. மாவட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை; இடைக்கால உதவி கேட்கலாம்.

மறுபடி அந்த வாசல்

இரவு 11 மணி. அதே காஷுவாலிட்டி வாசல். கேஸ் பேப்பர் எழுதுகிறவர் "க்யா ஹுவா?" என்று கேட்கிறார்.

அவள் பேசவில்லை. அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நல்ல ஆஸ்பத்திரியாக இருந்தால், அவர் அந்தக் கையைப் பார்ப்பார். இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார். நர்ஸைக் கூப்பிடுவார். நர்ஸ் அவளை வரிசையிலிருந்து எடுத்து, கதவுள்ள அறைக்குக் கூட்டிப்போவாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பாள். தமிழ் பேசும் ஒருத்தியைத் தேடி ஆள் அனுப்புவாள்.

தண்டனையும் நஷ்ட ஈடும் பின்னால் வரும், வராமலும் போகலாம். இதற்குச் சட்டமும் வேண்டாம், கோடி ரூபாயும் வேண்டாம். கேஸ் பேப்பர் எழுதுகிறவர் தலை நிமிர்ந்து பார்த்தால் போதும்.